ஏட்டு ஈயும் ஆற்று ஈயும்: டிரௌட் மீன் தூண்டிற்கலையின் நூல் வரலாறு

1. முன்னுரை

தொழில் நூல்களை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கொள்ளாமை நம்மிடையே நெடுங்காலமாக நிலவும் வழக்கம். ஒரு நூல் எவ்வாறு தோன்றியது, யார் பெயரால் வழங்கியது, எவர் கையில் திரிந்தது, எதனால் அதிகாரம் பெற்றது என்னும் வினாக்கள் காப்பியத்திற்கும் பொருந்தும். மீன் பிடிக்கும் முறை கூறும் சிறு நூலுக்கும் பொருந்தும். பின்னதில் ஆராய்வானுக்கு ஒரு வசதியும் உண்டு. ஒரு பாட்டின் பாடம் சரியோ தவறோ என்பதைப் பிற ஏடுகளைக் கொண்டே பெரும்பாலும் துணிய வேண்டும். தொழில் நூலின் கூற்றையோ அத்தொழில் நடைபெறும் இடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். அவ்வாறு சோதித்துப் பார்க்கத்தக்க கூற்றுகளையும் மக்கள் சோதியாமலே தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தனர் என்றால், நூல்மரபின் ஆற்றல் எத்தகையது என்பது விளங்கும். இக்கட்டுரை அத்தகைய ஒரு மரபினை எடுத்துக்கொண்டு ஆராய்கிறது.

டிரௌட் என்பது குளிர்ந்த தெளிந்த நன்னீரில் வாழும் மீன். ஐரோப்பாவில் இயற்கையாக வாழ்வது பழுப்பு டிரௌட். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிற் பிறந்து உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டது வானவில் டிரௌட். நீரிற் பிறந்து, சிறகு முளைத்து, மேலெழுந்து, ஓரிரு நாளில் மாயும் சிறு பூச்சிகள் இம்மீனின் விருப்ப உணவு. அப்பூச்சியோ தூண்டில் முள்ளிற் கோத்தால் சிதையும் மென்மையுடையது. எனவே இறகு, மயிர், பட்டு நூல் ஆகியவற்றை முள்ளின்மேற் கட்டி, அப்பூச்சி போலத் தோன்றும் பொய்யிரை ஒன்றை மக்கள் செய்யலாயினர். பறக்கும் சிறு பூச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இப்போலிக்கும் பெயராயிற்று. நாம் இதனைப் 'பொய் ஈ' என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

எந்தப் பொய் ஈயை மீன் விரும்பும் என்பதே இத்துறை நூல்கள் அனைத்தும் எழுப்பிய வினா. அதற்கு விடை காண இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, முன்னோர் நூல், மற்றொன்று, ஆறு. இவ்விரண்டும் மாறுபட்டபோது எழுத்தாளர் எதன் பக்கம் நின்றனர் என்பதைக் காலமுறையிற் காண்போம்.

2. உரோமர் காலச் சான்றுகள்

பொய் ஈயைப் பற்றிய மிகப் பழைய சான்று எது என்பதில் ஒரு பாடவேறுபாடு குறுக்கிடுகிறது. முதல் நூற்றாண்டின் இலத்தீன் புலவர் மார்ஷியல், பேராசை கொண்ட கடல்மீன் ஒன்று ஏமாறுதலைத் தம் சிறு பாட்டொன்றிற் குறிப்பிடுகிறார். அம்மீன் எதனால் ஏமாறுகிறது என்னும் இடத்தில் 'ஈ' என்று பொருள்படும் சொல்லைக் கொள்வோர் உளர். இறுதி எழுத்தொன்றை மாற்றிப் 'பாசி' என்று பொருள்படும் சொல்லைக் கொள்வோரும் உளர். அம்மீன் பாசி மேயும் இயல்பினது. ஆதலின் பின்னைய பாடம் பொருந்துமாயின் பொய் ஈயின் வரலாற்றிலிருந்து மார்ஷியல் விலகிவிடுவார். ஓரெழுத்து ஒரு கலையின் தொன்மையையே நூறாண்டு முன்னும் பின்னும் நகர்த்த வல்லது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஐயமற்ற முதற்சான்று ஏலியன் தருவது. இவர் உரோமர், எனினும் கிரேக்க மொழியில் எழுதியவர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். விலங்குகளின் இயல்பு பற்றிய இவரது நூல் 17 பகுதிகளைக் கொண்டது. அதன் 15ஆம் பகுதியின் முதலில், மாசிடோனியாவில் பெரோயா, தெசலோனிக்கா என்னும் ஊர்களுக்கு இடையே ஓடும் அசுதிரேயசு ஆற்றில் புள்ளிகள் பொருந்திய மீன்கள் வாழ்கின்றன என்றும், அவை நீரின்மேல் மிதந்து வரும் ஒருவகைப் பூச்சியை உண்கின்றன என்றும் கூறுகிறார். அப்பூச்சியை மனிதர் கையால் தொட்டால் அதன் நிறம் மங்கிச் சிறகு வாடிவிடுமாம். பின்னர் மீன் அதனை நாடாதாம். ஆகவே மீனவர் செந்நிறக் கம்பளி மயிரை முள்ளிற் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழ் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டினை அதன்மேற் பொருத்துவராம். கோலின் நீளம் ஆறடி. கயிற்றின் நீளமும் அதுவே.

ஏலியன் இதனைத் தாம் கேள்விப்பட்ட செய்தியாகவே கூறுகிறார் என்பதை நாம் கருதுதல் வேண்டும். கண்டவன் மீனவன், எழுதியவர் புலவர். இத்துறையின் முதற்சான்றிலேயே ஆறும் ஏடும் இருவேறு கைகளில் இருந்தன. ஆயினும் செய்தி தெளிவாக இருத்தலின், சொன்னவன் தொழில் அறிந்தவன் என்பதில் ஐயமில்லை.

3. 1496ஆம் ஆண்டு நூலும் ஆசிரியர் பெயரும்

ஏலியனுக்குப் பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியைக் கடந்தால், ஆங்கில மொழியில் தூண்டிற்கலை பற்றி அச்சான முதல் நூலை அடைகிறோம். 1486இல் செயின்ட் ஆல்பன்சு நகரில் வேட்டை முதலிய மேன்மக்கள் கலைகளைக் கூறும் தொகுப்பு ஒன்று அச்சிடப்பட்டது. அதில் தூண்டிற்கலை இல்லை. 1496இல் வெசுட்மினிசுடரில் விங்கின் டி வோர்டு என்னும் அச்சகத்தார் அத்தொகுப்பை மீண்டும் அச்சிட்டபோது தூண்டில் பற்றிய சிறு நூலொன்றையும் அதனுடன் சேர்த்தார். மலிவான தனி நூலாக வெளியிட்டால் சோம்பேறிகள் கையிற் சேர்ந்து மீன்வளம் அழியும் என்று அஞ்சியே பெருந்தொகுப்பில் வைத்ததாக அந்நூல் தானே காரணம் கூறுகிறது.

இந்நூலின் ஆசிரியர் டேம் ஜூலியானா பெர்னர்சு என்னும் கன்னித்துறவி என்றும், அவர் சாப்வெல் மடத்தின் தலைவியாக இருந்தார் என்றும் நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. இந்நம்பிக்கை தோன்றிய வழி ஆராயத்தக்கது. 1486ஆம் ஆண்டுத் தொகுப்பில் வேட்டைப் பகுதியின் இறுதியில் அப்பெண்பாற் பெயர் ஒன்று காணப்படுகிறது. தூண்டில் நூலிலோ எப்பெயரும் இல்லை. இரண்டும் ஒரே அட்டைக்குள் அமைந்தமையால் வேட்டைப் பகுதியின் பெயர் தூண்டிற் பகுதிக்கும் ஏறியது. பின்வந்தோர் அப்பெயருக்குக் குடிப்பிறப்பும் மடத்தலைமையும் அழகும் கல்வியும் சேர்த்தனர். கிடைத்துள்ள மடத்தலைவியர் பெயர்களுள் அவர் பெயர் இல்லை. பல காலத்து நூல்கள் ஔவையார் என்னும் ஒரு பெயரின்கீழ் ஒதுங்கியதை அறிந்த நமக்கு இது வியப்பளிப்பதன்று.

இதன் கையெழுத்துப் படி ஒன்று 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தது; இன்று ஏல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. ஜான் மெக்டொனால்டு 1963இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலால் அது கற்றோரிடையே பரவியது. ஆயின் அப்படி குறையுடையது. பொய் ஈக்களைக் கூறும் பகுதி அதில் இல்லை. ஆகவே ஈக்களின் பட்டியலுக்கு 1496ஆம் ஆண்டு அச்சே நமக்குரிய முதல் ஆதாரம்.

அப்பட்டியலில் 12 ஈக்கள் உள்ளன. மார்ச்சு முதல் ஆகசுடு வரை எந்தத் திங்களில் எந்த ஈ ஆகும் என்பதும், உடலுக்கு எந்நிறக் கம்பளி, சிறகுக்கு எப்பறவையின் இறகு என்பதும் சுருக்கமாகக் கூறப்படுகின்றன. கயிறு குதிரை மயிரால் ஆயது. டிரௌட் மீனுக்கு ஒன்பது மயிர், பெரிய டிரௌட்டுக்குப் பன்னிரண்டு, சாமன் மீனுக்குப் பதினைந்து என்று எண்ணும் வரையறுக்கப்படுகிறது. பிறர் வேலியை முறிக்கலாகாது, திறந்த வாயிலை மூடாது செல்லலாகாது, தேவைக்கு மேல் மீன் பிடிக்கலாகாது என்னும் ஒழுக்கங்களும் உண்டு. எழுதியவர் யாராயினும் ஆற்றங்கரையில் நின்று பழகியவர் என்பது இக்கூற்றுகளால் பெறப்படும்.

4. படியெடுத்த நூற்றாண்டுகள்

இனி வருவதே நம் ஆராய்ச்சியின் நடுப்பகுதி. 1496ஆம் ஆண்டுப் பட்டியல் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில நூல்களில் வாழ்ந்தது. 1590இல் லெனார்டு மாசுகல் வெளியிட்ட நூல் அப்பட்டியலை எடுத்துக்கொண்டது. அவ்வழியே பிற நூல்களிலும் புகுந்து, 1653இல் ஐசக் வால்டன் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலிலும் பன்னிரண்டு என்னும் எண்ணோடே இடம்பெற்றது. அறுநூறு பக்கத் தொகுப்பாயினும் சிறு கைந்நூலாயினும் ஈ என்றால் பன்னிரண்டு. அதற்கு மேல் ஆற்றில் எத்தனை பூச்சி பறந்தாலும் ஏட்டில் இடமில்லை.

வால்டனைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. அவர் பெரும்பாலும் புழுவும் சிறுமீனும் வைத்துத் தூண்டிலிட்டவர். பொய் ஈயில் தமக்குத் தேர்ச்சி குறைவு என்பதை உணர்ந்து, 1651இல் நூல் வெளியிட்ட தாமசு பார்க்கர் என்பாரின் துணையைப் பெயர் சுட்டியே ஏற்றுக்கொள்கிறார். அவர் நூலின் பெருமை அதன் உரையாடல் நடையிலும் மன அமைதியிலும் உள்ளது. உரையாடல் அமைப்பும் அவர் புதிதாகக் கண்டதன்று. 1577இல் வெளியான ஆசிரியர் பெயரற்ற நூலொன்றின் ஒரே படி இருபதாம் நூற்றாண்டில் கிடைத்து, 1956இல் பிரின்சுடனில் வெளியிடப்பட்டது. அந்நூலிலும் வழிச்செல்வோனும் தூண்டிலிடுவோனும் உரையாடுகின்றனர். முதல் ஏடுகள் கிழிந்தமையால் ஆசிரியர் பெயர் மறைந்தது. வில்லியம் சாமுவேல் என்னும் திருச்சபைக் குருவே அவர் என்பது பின்னர் ஆராய்ந்தோர் துணிபு.

படியெடுத்தல் அக்காலத்தில் இழுக்காகக் கருதப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் சமையல் முறையையோ மருந்துக் குறிப்பையோ படியெடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு திங்களில் ஓர் ஆற்றில் தோன்றும் பூச்சி மற்றோர் ஆற்றில் தோன்றாது. தோன்றினும் அதே கிழமையில் தோன்றாது. இடமும் காலமும் பற்றிய கூற்றை இடமும் காலமும் நோக்காது படியெடுத்தால் அது கூற்றின் ஓசையாக நிற்குமேயன்றிக் கூற்றாகாது.

5. சார்லசு காட்டன்: ஆறு திரும்பிய இடம்

வால்டனின் நூல் 1676இல் ஐந்தாம் பதிப்பாக வெளிவந்தபோது, அதன் இரண்டாம் பகுதியாகச் சார்லசு காட்டன் எழுதிய நூல் சேர்க்கப்பட்டது. காட்டன் புலவர், மொழிபெயர்ப்பாளர், வால்டனை விட ஏறத்தாழ 37 ஆண்டு இளையவர். டார்பிசயர், சுடாபர்டுசயர் எல்லையில் ஓடும் டவ் ஆற்றங்கரையில் அவர் வீடு இருந்தது. 1674இல் ஆற்றோரம் அவர் கட்டிய சிறு கல்மனையில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் வால்டன் பெயரின் முதலெழுத்துகளும் பின்னிச் செதுக்கப்பட்டுள்ளன.

காட்டன் பன்னிரண்டு ஈக்களோடு நிற்கவில்லை. திங்கள்தோறும் தம் ஆற்றிற் பயன்படும் ஈக்களை வரிசைப்படுத்தினார். அவற்றின் தொகை 65. கம்பளி மயிரைக் கதிரொளியில் உயர்த்திப் பிடித்து நோக்கினால்தான் அதன் உண்மை நிறம் புலப்படும் என்பது போன்ற நுட்பங்களும் அவர் நூலில் உள்ளன. முள்ளை ஒட்டிய பகுதியில் இரண்டு குதிரை மயிரே போதும் என்றார். தெளிந்த நீரில் மெல்லிய கயிறும் தொலைவீச்சும் வேண்டும் என்பது அவர் கொள்கை. இலண்டனிலிருந்து வந்த தடித்த உடலுடைய ஈயொன்றைத் தம் அறையின் சாளரத்தில் தொங்கவிட்டுச் சிரிக்கலாம் என்று அவர் எழுதிய இடம் சுவையுடையது. அச்சிரிப்பின் பொருள் ஆழமானது. இலண்டன் ஈ தவறு என்று அவர் கூறவில்லை. தம் ஆற்றிற்கு ஆகாது என்றே கூறினார். ஓர் ஈயின் தகுதியை ஓர் ஆற்றோடு சேர்த்துக் கூறவேண்டும் என்னும் எண்ணம் இந்நூலில் வேரூன்றியது.

வால்டன் தம் நண்பரின் நூலைத் தம் நூலோடு இணைத்துக்கொண்டமையும் நினைக்கத்தக்கது. முதற்பகுதியின் பன்னிரண்டும் இரண்டாம் பகுதியின் அறுபத்தைந்தும் ஒரே கட்டடத்துள் நின்றன. ஏடும் ஆறும் பகையின்றி ஒருங்கே இருந்த அரிய இடம் அது.

6. உரொனால்ட்சின் சோதனைகள்

காட்டனுக்குப் பின் 160 ஆண்டுகள் கழித்து, 1836இல் ஆல்பிரடு உரொனால்ட்சு என்பார் தூண்டிலிடுவோருக்குரிய பூச்சி நூல் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு பொய் ஈயின் படத்திற்கும் அருகே அதற்கு மூலமான பூச்சியின் படமும் அறிவியற் பெயரும் இந்நூலில் அமைந்தன. ஒரே பூச்சிக்கு ஊருக்கு ஒரு பெயராக வழங்கிய குழப்பம் இதனால் பெரிதும் நீங்கியது.

அவர் பிளைத் ஆற்றின் கரையில் ஒரு மரக்குடிலை அமைத்து, மீன் அறியாதவாறு அதனுள் இருந்து நோக்கினார். துப்பாக்கி வெடித்தால் மீன் வெருள்கிறதா என்று பார்த்தார். வெருளவில்லை என்று கண்டு, காற்றில் எழும் ஒலி நீருள் மிகுதியாகச் செல்லவில்லை எனத் துணிந்தார். இறந்த ஈக்களின்மேல் தேன், மிளகாய்த்தூள், கடுகு முதலியவற்றைப் பூசி நீரில் விட்டு, மீன் சுவை அறிகிறதா என்றும் சோதித்தார். ஒளி நீரிற் புகும்போது வளைவதால் கரையில் நிற்பவன் மீனுக்கு எவ்வாறு தோன்றுவான் என்பதையும் படம் வரைந்து விளக்கினார். மீன் மேல்நோக்கும்போது ஏறத்தாழ 97 பாகை அகன்ற வட்டத்தின் வழியாகவே வெளியுலகைக் காணும் என்பது இன்று ஒளியியல் கற்றார் அனைவரும் அறிந்தது. மனிதன் கண்ணுக்கு எது பூச்சியாகத் தோன்றுகிறது என்னும் வினா, மீனின் கண்ணுக்கு எது பூச்சியாகத் தோன்றுகிறது என்னும் வினாவாக மாறியது உரொனால்ட்சின் காலத்தில்தான்.

7. ஹால்போர்டு: ஆறு ஏடாதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரங்கம் தென் இங்கிலாந்திற்கு மாறுகிறது. ஹாம்சயரில் ஓடும் டெசுடு, இச்சென் என்னும் ஆறுகள் சுண்ணப்பாறையின் ஊற்றுகளிலிருந்து பிறப்பவை. மழை நீர் பாறையில் ஊறி மெல்ல வெளிப்படுவதால் அவற்றின் நீர் தெளிவாகவும், ஆண்டு முழுதும் பெரிதும் மாறாத வெப்பநிலையோடும் ஓடும். நீர்ச்செடியும் பூச்சியும் மிகுதி. மேற்பரப்பில் மிதந்து வரும் பூச்சியை மீன் மெல்ல எழுந்து கவ்வுவதைக் கரையிலிருந்தே காணலாம். இங்கே நீரில் மூழ்காது மிதக்கும் பொய் ஈ சிறப்புற்றது.

பிரடெரிக் ஹால்போர்டு (1844–1914) என்பார் 1886இல் மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறை பற்றியும், 1889இல் அவற்றைப் பயன்படுத்தும் முறை பற்றியும் நூல்கள் வெளியிட்டார். இவ்வாராய்ச்சியில் அவருக்குப் பெருந்துணையாக இருந்தவர் ஜார்ஜ் செல்வின் மாரியட்டு. தம் பெயரை நூலாசிரியருள் ஒன்றாகச் சேர்க்க அவர் இசையவில்லை. இருவரும் பூச்சிகளைப் பிடித்து, நிறம் ஒப்பிட்டு, மீனின் வயிற்றையும் அறுத்துப் பார்த்தனர். அறுவை ஆராய்ச்சிக்கென 1889ஆம் ஆண்டு நூலில் தனி இயலே உண்டு. ஆதலின் ஹால்போர்டு ஏட்டறிவினர் அல்லர், ஆற்றறிவினரே.

ஆயினும் அவருடைய நூல்கள் வெளிவரவர, கண்டறிந்தவை விதிகளாக இறுகின. 1910இல் அவர் வெளியிட்ட நூலில் 33 ஈக்களே சுண்ண ஆறுகளுக்குப் போதும் என்று வரையறுத்தார். மீன் மேலெழுந்து உண்ணுவதைக் கண்ணாற் கண்ட பின்னரே, நீரோட்டத்தை எதிர்த்து, மிதக்கும் ஈயையே வீசவேண்டும் என்பது அவரைப் பின்பற்றியோரால் ஒழுக்க நெறியாகவே போற்றப்பட்டது. சில ஆற்றுப் பகுதிகளில் அது கழக விதியாகவும் ஆயிற்று. ஒருவர் ஆற்றில் கண்டது அவர் மாணவர்க்கு ஏடாயிற்று. பன்னிரண்டு ஈக்களுக்கு நேர்ந்தது முப்பத்துமூன்று ஈக்களுக்கும் நேர்ந்தது.

8. ஸ்கியூசு: சான்றை மீண்டும் கேட்டவர்

ஜி. இ. எம். ஸ்கியூசு (1858–1949) இலண்டனில் வழக்கறிஞர் தொழில் நடத்தியவர். 1883 முதல் இச்சென் ஆற்றில் தூண்டிலிட்டு வந்தார். தொடக்கத்தில் ஹால்போர்டின் நூலையே வழிகாட்டியாகக் கொண்டார். ஆயினும் நீர்ப்பரப்பிற்குக் கீழே மீன் எதையோ உண்பதைப் பலமுறை கண்டார். பிடித்த மீனின் இரைப்பையில் உள்ளதை ஒரு நீண்ட கரண்டியால் எடுத்து, வெள்ளைத் தட்டில் நீர் விட்டுப் பரப்பி நோக்கினார். சிறகு முளையாத இளம்பூச்சிகளே அங்கு மிகுந்திருந்தன. டிரௌட் தன் உணவின் பெரும்பகுதியை நீருள்ளிருந்தே பெறுகிறது என்பது இன்று மீனியலார் அனைவருக்கும் உடன்பாடு.

1910இல் ஸ்கியூசு வெளியிட்ட முதல் நூலும், 1921இல் வெளியிட்ட இரண்டாம் நூலும் இளம்பூச்சி வடிவப் பொய்யிரைக்கு இடம் வகுத்தன. அவர் மிதக்கும் ஈயை மறுத்தவர் அல்லர். அதற்குத் துணையாக மற்றொன்றும் உண்டு என்றே கூறினார். எனினும் எதிர்ப்பு வலிதாக இருந்தது. 1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டன் ஈத்தூண்டிலார் கழகத்தில் இதுபற்றி ஒரு முறையான சொற்போர் நிகழ்ந்தது. அப்போது ஸ்கியூசு எண்பதாண்டை நெருங்கியிருந்தார். அவ்வாண்டோடு, ஐம்பத்தைந்து ஆண்டு பழகிய இச்சென் ஆற்றுப் பகுதியிலிருந்து அவர் விலகினார்.

இச்சொற்போரை விளையாட்டுச் செய்தியாகத் தள்ளிவிடுதல் தகாது. எதிர்த்தவர்கள் அறியாதவர் அல்லர். இளம்பூச்சியை மீன் உண்பதை அவர்களும் மறுக்கவில்லை. ஹால்போர்டின் அறுவை இயலே அதற்குச் சான்று. எளிய வழியில் மீனைப் பிடித்தால் கலையின் தூய்மை கெடும் என்பதும், சிறு மீன்கள் வீணே காயமுறும் என்பதும் அவர்கள் வாதம். ஆகவே வழக்கு மெய்ம்மை பற்றியதாகத் தொடங்கி ஒழுக்கம் பற்றியதாக முடிந்தது. சான்றால் நிறுவ இயலாத கொள்கை அறத்தின் துணையை நாடும் என்பதை ஆராய்ச்சி உலகில் நாம் பலவிடத்தும் காண்கிறோம். அவ்வாறு நாடுவது எப்போதும் பொய்யாகும் என்பதில்லை. ஆனால் எந்த வாதம் நடைபெறுகிறது என்பது மறைந்துவிடும் என்பது உறுதி.

பின்னர் இவ்வழக்கைத் தீர்த்தது சொல்லன்று, செயல். ஏவன் ஆற்றின் மேற்பகுதியில் காவலராகப் பணிசெய்த பிராங்கு சாயர் 1958இல் தம் நூலை வெளியிட்டார். மெல்லிய செப்புக் கம்பியும் பெசண்டுப் பறவையின் வால் இறகும் கொண்டு அவர் கட்டிய இளம்பூச்சி இரை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கம்பியே நூலாகவும் எடையாகவும் நிற்பது அதன் சிறப்பு. கால்களை அவர் கட்டவே இல்லை. நீந்தும் இளம்பூச்சி கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதை ஆற்றிற் கண்டிருந்தார்.

9. நூலுக்குப் புறம்பான இரைகள்

1890இல் ஹால்போர்டு தம் ஈக்கள் சிலவற்றை நியூயார்க்கு மாநிலத்தின் கேட்சுகில் மலைப்பகுதியில் தூண்டிலிட்டு வந்த தியோடர் கார்டனுக்கு (1854–1915) அனுப்பினார். அம்மலை ஆறுகள் கல்லில் மோதி விரைந்து ஓடுபவை, பூச்சிகளும் வேறு. அமைதியான ஆற்றிற்கெனக் கட்டிய ஈயை அப்படியே ஏற்பதில் பயனில்லை என்று கண்ட கார்டன், விறைப்பான சேவற் கழுத்திறகால் நன்கு மிதக்கும் ஈக்களைத் தம் ஆற்றுப் பூச்சிகளை நோக்கிக் கட்டினார். காட்டனின் சாளரச் சிரிப்பிற்கு இது ஒரு கடல் கடந்த எதிரொலி.

பூச்சியைப் போலவே இராத இரைகளும் உண்டு. அமெரிக்காவின் வெர்மாண்டு மாநிலத்தைச் சார்ந்த ஜூலியோ பியூவெல் 1852இல் கரண்டி வடிவ உலோக இரைக்குக் காப்புரிமை பெற்றார். ஏரியில் அவர் தவறவிட்ட உணவுக் கரண்டியை மீன் பாய்ந்து கவ்வியது என்பது வழிவழி வரும் கதை. பின்லாந்தின் மீனவர் லௌரி ரபலா 1936இல் தக்கையைச் செதுக்கி, இனிப்புப் பண்டத்தின் வெள்ளித்தாளால் போர்த்தி, தள்ளாடி நீந்தும் சிறுமீன் போன்ற இரையைச் செய்தார். கூட்டத்தில் காயமுற்றுத் தடுமாறும் மீனையே பெருமீன் தேர்ந்து கவ்வுகிறது என்பது அவர் கண்டது. 1938இல் பிரான்சில் ஆந்திரே மெல்னார் என்பார் சுழலும் தகடுடைய இரையை உருவாக்கினார்.

இவை ஒளிர்தலாலும் அசைவாலும் நீரதிர்வாலும் மீனைத் தூண்டுகின்றன. மீனின் உடற்பக்கத்தில் ஓடும் உணர்கோடு நீரின் அதிர்வை அறிவது. வடிவ ஒப்புமை ஒன்றையே நூற்றாண்டுகளாகப் பேசிய ஈ நூல்கள் இவ்வுணர்வை மிகுதியாகக் கருதவில்லை. நூல் எழுதாத மீனவன் அதனைக் கையால் அறிந்திருந்தான்.

10. நீலகிரிக்கு வந்த மரபு

இவ்வரலாறு நம் நாட்டையும் தொட்டது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிசு டே, 1860களில் நீலகிரி ஓடைகளில் டிரௌட்டைக் குடியேற்ற முயன்றார், முயற்சி பயன்தரவில்லை. பின்னர் எச். சி. வில்சன் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. நிலைபெற்றது வானவில் டிரௌட். இலங்கையில் நுவரெலியாப் பகுதியின் ஓடைகளில் அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், டிரௌட் விடப்பட்டிருந்தது.

மீனோடு கோலும் ஈயும் நூலும் வந்தன. ஆனால் மார்ச்சு முதல் ஆகசுடு வரை வகுத்த திங்கள் வரிசை, பனி உருகி இளவேனில் பிறக்கும் நாட்டிற்கு உரியது. சூன் திங்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டி ஓடைகள் பெருக்கெடுக்கும் மலைக்கு அவ்வரிசை பொருந்தாது. மேலும், வந்த மீன் இரைகொல்லி. உலகில் அயலிடம் புகுந்து பெருங்கேடு விளைக்கும் 100 உயிர்களின் பட்டியல் ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதில் பழுப்பு டிரௌட், வானவில் டிரௌட் இரண்டும் இடம்பெற்றன. ஓர் ஆற்றிற்கு உரிய நூலை மற்றோர் ஆற்றில் படித்தால் மீன் கிடைக்காது போகலாம். ஓர் ஆற்றிற்கு உரிய மீனையே மற்றோர் ஆற்றில் விட்டால் அங்குள்ள சிற்றுயிர்கள் இல்லாது போகலாம். முன்னது திருத்தத்தக்க பிழை. பின்னதைத் திருத்துதல் அரிது.

11. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் மூன்று.

முதலாவது, ஆசிரியர் பெயர் பற்றியது. 1496ஆம் ஆண்டு நூல் பெர்னர்சின் பெயரை இழந்தமையால் அதன் மதிப்பிற் சிறிதும் குறையவில்லை. பெயரை நீக்கிய பின்னரே, எழுதியவரின் அனுபவம் நூலின் சொற்களிலிருந்து தனித்துப் புலப்படுகிறது.

இரண்டாவது, படியெடுத்தல் பற்றியது. பட்டியலொன்று பல நூல்களில் வருவது பல சான்றுகள் ஆகாது. மூலம் ஒன்றாயின் சான்றும் ஒன்றே. மாசுகலும் வால்டனும் உடன்பட்டனர் என்று காட்டி ஓர் ஈயின் பயனை நிறுவுதல் இயலாது. இம்முறை தூண்டில் நூல்களுக்கே உரியதன்று. உரைகளையும் கல்வெட்டுப் படிகளையும் நூல்வழிச் செய்திகளையும் கையாளும் நாம் அனைவரும் கைக்கொள்ளவேண்டியது.

மூன்றாவது, அதிகாரம் பற்றியது. மரபு தவறுவது பொய்யர்களால் மட்டும் அன்று. காட்டன், உரொனால்ட்சு, ஹால்போர்டு ஆகியோர் நேரிற் கண்டு எழுதியவர்கள். அவர்கள் கண்டதைப் பின்வந்தோர் காணாமல் ஏற்றுக்கொண்டபோதே மெய் விதியாக இறுகியது. ஆசானைப் போற்றும் முறை அவன் முடிவை ஒப்புவிப்பதன்று. அவன் நின்ற கரையில் நின்று மீண்டும் நோக்குவதாகும். ஸ்கியூசு ஹால்போர்டுக்குச் செய்தது அதுவே. அவ்வாறு நோக்கும்போது ஆசான் கூற்றே உறுதிப்படுமாயின் அது அவனுக்குப் பெருமை; மாறுபடுமாயின் அதுவும் அவன் வழியின் பயனே.

ஆராய்ச்சி மாணவர் ஏட்டை மூடவேண்டுவதில்லை. ஏடு எங்கிருந்து தன் செய்தியைப் பெற்றது என்று கேட்டுக்கொண்டே படித்தல் போதும்.